தண்ணீர்ப் பையும் நாடாப்புழுவும்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் நாளிதழின் சுகாதாரப் பக்கத்தில் அண்மையில் வெளியான குடற்புழுக்கள் பற்றிய கட்டுரை எளிய நடையில் எழுதப்பட்டிருந்தது, பலருக்கும் பயன்பட்டிருக்கும். ஆயினும், நன்கு வேகாத இறைச்சியிலுள்ள நாடாப்புழு முட்டைகள் வயிற்றுக்குட் சென்று புழுக்களாக வளர்கின்றன என்று அதில் வந்த கூற்று பிழையானது. உயர்தர வகுப்புகளுக்கு நீண்ட காலம் உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், அதை வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. இறைச்சியில் இருப்பது முட்டையன்று, குடம்பி; அதாவது முட்டைக்கும் வளர்ந்த புழுவுக்கும் இடைப்பட்ட பருவம். முட்டை இருப்பது புழுவைக் குடலில் சுமக்கும் நாயின் அல்லது மனிதனின் மலத்திலும், அந்த மலம் பட்ட மண்ணிலும் நீரிலும் கீரையிலும்.

ஒரு சொல் மாறியதற்கு ஒரு கடிதமா என்று தாங்கள் நினைக்கலாம். பன்றி நாடாப்புழுவை எடுத்துக்கொண்டால் விடயம் விளங்கும். வேகாத பன்றியிறைச்சியோடு அதன் குடம்பியை உண்டவருக்குக் குடலிற் சில மீற்றர் நீளமான புழு வளரும். பல வேளைகளில் அவர் அதை உணர்வதுகூட இல்லை. அதே புழுவின் முட்டையைக் கழுவாத கை வழியாகவோ அசுத்தமான நீர் வழியாகவோ விழுங்கியவருக்கோ, குடம்பிகள் தசையிலும் கண்ணிலும் மூளையிலும் சென்று தங்கும். மூளையில் தங்கினால் வலிப்பு வரலாம். பன்றியிறைச்சியைத் தொட்டே அறியாத சைவக்காரருக்கும் இந்த இரண்டாவது நோய் வரக்கூடும். முட்டை இறைச்சியில் இருக்கிறது என்று அச்சில் வந்தால், மரக்கறி மட்டும் உண்பவர் தமக்கு இதில் ஒரு பங்குமில்லை என்று நிம்மதியாக இருந்துவிடுவார்.

சென்ற தீபாவளிக்கு எங்கள் ஒழுங்கையில் நாலைந்து வீட்டார் சேர்ந்து பங்குக் கிடாய் ஒன்று அடித்தார்கள். வாழையிலையில் கூறு போடுவதற்கு முன், வயிற்றை மூடியிருந்த கொழுப்புச் சவ்விலே தேசிக்காய் அளவான தண்ணீர்ப் பை ஒன்று தொங்கியதை நான் கண்டேன். இறைச்சி வெட்டிய தம்பி, "இது தண்ணிக் கட்டி வாத்தியார், ஒண்டும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டே அதை அறுத்து வேலிப் பக்கம் எறிந்தார். அங்கே காத்து நின்ற நாய் நிலத்தில் விழ முதலே அதைக் கவ்விவிட்டது. சற்று நேரத்தில் இன்னொரு பை வெளிப்பட்டது; அதை நான் கேட்டு வாங்கி ஒரு கோப்பையில் இட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மெல்லிய, ஏறத்தாழக் கண்ணாடி போன்ற தோல். உள்ளே தெளிந்த நீர். தோலின் ஓரிடத்தில் அரிசிக் குறுணல் போல ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளிதான் தலை. உறிஞ்சிகளும் கொளுக்கிகளும் முழுமையாக அமைந்து, உள்நோக்கி மடிந்த நிலையில் நாயின் குடலுக்காகக் காத்திருக்கும் தலை. அதன் பின்னால் மெல்லிய நீண்ட கழுத்து.

அது தீனியா ஐடாற்றிஜீனா என்னும் நாய் நாடாப்புழுவின் குடம்பி. புல்லோடு முட்டையை மேய்ந்த ஆட்டின் குடலில் முளையம் (முட்டைக்குள் இருந்த கரு) வெளிப்பட்டு, குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு ஈரலுக்குப் போய், ஈரலைக் குடைந்துகொண்டு வயிற்றறைக்குள் இறங்கி இப்படிப் பையாகத் தொங்கும். நாய் அதை விழுங்கினால் தோலும் நீரும் செரித்துப் போகும். தலை மட்டும் குடற்சுவரைப் பற்றிக்கொண்டு, ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முட்டை நிறைந்த துண்டங்களை வெளியேற்றத் தொடங்கும். இந்த இனம் மனிதருக்கு ஆபத்தானதன்று என்பதால், அந்தத் தம்பி சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியைப் பின்னால் சொல்கிறேன்.

பையும் புழுவும் ஒன்றே என்பது அறிஞர்களுக்குக்கூட நெடுங்காலம் தெரிந்திருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இத்தகைய பைகளைத் தனி உயிரினங்கள் என்றே கருதித் தனிப் பெயர்கள் இட்டிருந்தார்கள். 1850களின் தொடக்கத்தில் ஜேர்மனியரான வொன் சீபோல்ட் ஆடுகளின் நீர்க்கட்டிகளை நாய்களுக்கு ஊட்டி, அவற்றின் குடலில் சிறு நாடாப்புழுக்கள் தோன்றுவதைக் காட்டினார். 1855இல் சக்சனி நாட்டு மருத்துவர் குக்கன்மைஸ்டர், மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதிக்குப் பன்றியின் குடம்பிகளை அவன் அறியாமல் உணவிற் கலந்து கொடுத்து, தண்டனை நிறைவேறிய பின் குடலை அறுத்துப் பார்த்து இளம் புழுக்களைக் கண்டெடுத்தார். கண்டுபிடிப்பு உண்மையானது, செய்த முறை அருவருப்பானது. இதை வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் மாணவர் முகம் சுழிப்பர், சுழிக்கத்தான் வேண்டும்.

குடம்பி என்றால் புழுவின் பிள்ளைப் பருவம், வளர்ந்து பெரிதாவதற்காகச் சும்மா காத்துக் கிடக்கும் நிலை என்று நாம் எண்ணிக்கொள்வதிலும் ஒரு பிழை உண்டு. நாடாப்புழுவின் முட்டைக்குள் இருக்கும் முளையம் ஆறு கொளுக்கிகள் உடைய மிகச் சிறிய உருண்டை. அதில் இருப்பவை சில பத்துக் கலங்கள் (உயிரணுக்கள்) மட்டுமே. கொளுக்கிகளை அசைக்கும் தசைக்கலங்களும், குடற்சுவரை இளக்கும் சுரப்பைக் கக்கும் கலங்களும் துளைக்கும் வேலை முடிந்ததும் அழிந்து போகின்றன. மிஞ்சுபவை, இன்ன வேலைக்கென்று வகுக்கப்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்ட சில கலங்கள். தமிழகத்தார் குருத்தணு என்று எழுதும் வகையைச் சேர்ந்த இவற்றை நான் முளைக்கலங்கள் என்று இங்கே சொல்லிக்கொள்கிறேன். (வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த மண் இது, சொல்லுக்கு அஞ்ச வேண்டியதில்லை.) குடம்பியின் தோல், தசை, நரம்பு, தலை அனைத்தும் இந்த முளைக்கலங்களிலிருந்தே புதிதாக எழுகின்றன. வந்த முளையம் பெரும்பாலும் இடிந்து, அதன் அத்திவாரக் கல் சிலவற்றைக் கொண்டு வேறொரு வீடு கட்டப்படுகிறது என்பதே பொருத்தமான விபரிப்பு.

நம் உடலில் தோற்கலம், ஈரற்கலம் எனப் பல வகைக் கலங்கள் தத்தம் இடத்திலே பிரிந்து பெருகுகின்றன. நாடாப்புழுவில் அப்படியில்லை. வேலை வகுக்கப்பட்ட கலம் எதுவும் பிறகு பிரிவதில்லை. பிரியும் ஆற்றல் முளைக்கலங்களுக்கு மட்டுமே உண்டு. புழுவின் தோல்கூட வெவ்வேறு கலங்களாகப் பிரிந்து கிடப்பதில்லை. அது எல்லைச் சுவர்களே இல்லாத ஒரே பரப்பு. கீழிருந்து முளைக்கலங்களின் பிள்ளைகள் ஏறி வந்து அதனோடு கரைந்து சேர்வதால் மட்டுமே அது வளர்கிறது. வாயும் குடலும் இல்லாத இந்த உயிருக்கு உணவு முழுவதும் அந்தத் தோல் வழியாகத்தான் வருகிறது. 2013இல் நான்கு நாடாப்புழு இனங்களின் மரபணுத் தொகுதிகள் முழுமையாக வாசிக்கப்பட்டபோது, கொழுப்பமிலங்களையும் கொலஸ்ரரோலையும் தாமாக ஆக்கும் வழியை அவை இழந்துவிட்டன என்பதும் தெரியவந்தது. எல்லாவற்றையும் விருந்துவழங்கியிடமே, அதாவது தான் குடியிருக்கும் உயிரிடமே, எடுத்துக்கொள்ளும் உயிர், தானே ஆக்கும் சிரமத்தை விட்டொழித்துவிட்டது. அதைவிட வியப்பு, மற்ற விலங்குகளின் முளைக்கலங்களுக்கு இன்றியமையாதவை எனக் கருதப்பட்ட பீவி, வாசா என்னும் மரபணுக்களும் இவற்றில் இல்லாமற் போனது. அவை இல்லாமலே இக்கலங்கள் ஆண்டுக்கணக்காகப் பிரிந்துகொண்டிருக்கின்றன.

வளர்ந்த புழுவில் இந்த ஆற்றல் கழுத்திலே வெளிப்படுகிறது. வடபகுதியில் உள்ளவர்களுக்குப் பனையைக் காட்டினால் போதும். பனைக்கு வளரும் இடம் ஒன்றுதான், உச்சிக் குருத்து. புதிய ஓலை அங்கிருந்து எழ, பழைய ஓலை கீழே தள்ளப்பட்டுக் காவோலையாகும். போர்க்காலத்தில் செல்லடி (எறிகணை) பட்டுத் தலையிழந்து பட்டுப்போன பனைகளை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். நாடாப்புழுவின் கழுத்தும் அப்படித்தான்: புதிய துண்டம் கழுத்திலே தோன்ற, முதிர்ந்த துண்டம் வாலிலே கழன்று விழும். உடலில் எவ்வளவு அறுந்தாலும் தலையும் கழுத்தும் எஞ்சியிருந்தால் புழு மீண்டும் வளரும். பூச்சி மருந்து குடித்துப் புழுவின் நீண்ட பகுதி வெளியேறிய பின்னும் தலை வந்ததா என்று முன்னாள் வைத்தியர்கள் தேடியதன் காரணம் இதுவே. ஆனால் உவமை ஓரிடத்தில் பொருந்தாது. எலி நாடாப்புழுவில் 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, முளைக்கலங்கள் கழுத்தில் மட்டுமன்றி உடல் முழுவதும் இருக்கின்றன என்றும், கதிர்வீச்சால் அழிந்துகொண்டிருக்கும் புழுவின் கழுத்தில் வேறொரு புழுவின் உடற்பகுதிக் கலங்களைச் செலுத்தினாலும் அது பிழைத்து வளர்கிறது என்றும் காட்டியது. கலத்தில் ஆற்றல் எங்கும் உண்டு. துண்டங்களை ஆக்குமாறு அதற்குச் சொல்லும் சூழல்தான் கழுத்தில் இருக்கிறது.

இந்த எலி நாடாப்புழுவின் குடம்பி வளர்வது அரிசிமாவிலும் கோதுமைமாவிலும் ஊரும் சிறு செவ்வண்டுக்குள். மாவைச் சுளகிற் பரப்பி வெயிலில் வைக்கும்போது ஓடி ஒளிக்கும் அதே வண்டுதான். வண்டின் உடலறையில் ஒன்றிரண்டு வாரங்களில் குடம்பி முதிர்கிறது. அந்த வண்டை எலி தின்றபின் நடப்பதை அளந்தவர்கள், முதல் 15 நாட்களில் புழு நீளத்தில் ஏறக்குறைய 3400 மடங்கும் எடையில் 18 இலட்சம் மடங்கும் பெருகி, 2200 துண்டங்கள் வரை ஆக்குவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இனி அந்தத் தம்பி சொன்னதில் தவறான மற்றப் பாதி: எல்லாத் தண்ணீர்ப் பையும் தீங்கற்றதன்று. கிடாயிற் கண்ட பையில் தலை ஒன்று. ஆகவே ஆடு மேய்ந்த ஒரு முட்டை, நாயில் ஒரு புழுவுக்கு மேல் ஆகாது. வேறொரு தீனியா இனத்தின் குடம்பிப் பை ஆட்டின் மூளையில் வளரும். அதில் பல தலைகள் உண்டு. ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி நடந்து மடியும். இந்த வரிசையின் கடைசியில் நிற்பது எக்கினோகொக்கஸ் கிரானுலோசஸ். நாயின் குடலில் வாழும் முதிர்ந்த புழு சில மில்லிமீற்றர் நீளமே உடையது. மூன்று நான்கு துண்டங்களுக்கு மேல் இல்லை. ஆனால் அதன் குடம்பி ஆட்டிலும் மாட்டிலும் மனிதரிலும் ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டியாகி, ஆண்டுக்கணக்கில் பருத்துத் தேங்காய் அளவையும் எட்டலாம். கட்டியின் வெளிச்சுவர் கலங்களே இல்லாத, படைபடையான ஒரு உறை. அதன் உட்புறத்தில் மிக மெல்லிய ஒரு படலம். முளைக்கலங்கள் இருப்பது அந்தப் படலத்தில். அதிலிருந்து சிறு சிறு பைகள் அரும்பி, ஒவ்வொன்றினுள்ளும் பல தலைகள் உருவாகும். நீரின் அடியில் மணல் போலப் படிந்திருக்கும் அந்தத் தலைகளை எண்ணினால் ஆயிரக்கணக்கில் வரும். பெருக்கம் நடப்பது வளர்ந்த புழுவிலன்று, குடம்பியிலே.

இந்தத் தலைகளுக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. நாயின் குடலை அடைந்தால் ஒவ்வொன்றும் புழுவாகும். கட்டி உடைந்து மனிதரின் வயிற்றறைக்குள் சிந்தினாலோ, ஒவ்வொன்றும் திரும்பவும் ஒரு புதிய கட்டியாகலாம். சத்திரசிகிச்சை நிபுணர்கள் இக்கட்டியை அவ்வளவு பதனமாகக் கையாள்வதற்கு இதுவும், சிந்திய நீரால் நோயாளிக்குக் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்படலாம் என்பதும் காரணங்கள். 1960களில் ஸ்மித் என்னும் ஒட்டுண்ணியியலாளர் இத்தலைகளைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்து, உறையவைத்த குருதிப்பாயம் போன்ற புரதத் தரையிற் பற்றிக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தால் அவை புழுவாகும் வழியில் செல்வதையும், பற்ற இடமின்றி நீரில் மிதந்தவை பைகளாகுவதையும் கண்டார். ஒரே தலை, ஒரே மரபணு. பற்றிக்கொள்ளத் தரை உண்டா இல்லையா என்பதே வேறுபாடு. நாற்பது வருடம் படிப்பித்தும் எனக்கு அலுக்காத செய்தி இது.

எக்கினோகொக்கஸ் கிரானுலோசசுக்கு நெருங்கிய உறவான, குளிர்நாட்டு நரிகளிடம் காணப்படும் இனத்தின் குடம்பியோ, உறைக்குள் அடங்கி நில்லாமல் ஈரலுக்குள் புற்றுநோய் போலவே வேர்விட்டுப் பரவும். அதைக் கூழாக்கிக் கலம் கலமாகப் பிரித்து வளர்ப்புத் திரவத்தில் விட்டாலும், கலங்கள் ஒன்றுகூடி மீண்டும் பைகளை ஆக்கிவிடுகின்றன. விருந்துவழங்கியின் இன்சுலின் அவற்றின் வளர்ச்சியைத் தூண்டுவதையும் ஜேர்மனிய ஆய்வுகள் காட்டியுள்ளன. முளையம் முதலிற் குடியேறும் ஈரல், கணையத்திலிருந்து வரும் இன்சுலின் அதிகமாகப் பாயும் உறுப்பு.

புற்றுநோய் என்ற சொல்லை உவமையாக மட்டும் சொல்லவில்லை. 2015இல் கொலம்பிய நாட்டு நோயாளி ஒருவரைப் பற்றிய மருத்துவ அறிக்கை வெளிவந்தது. எச்.ஐ.வி. தொற்றால் நோயெதிர்ப்பு மிகவும் குன்றியிருந்த அவருடைய நுரையீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் புற்றுக் கட்டிகள் இருந்தன. ஆனால் கலங்கள் மனிதக் கலங்களாக இருக்க முடியாத அளவுக்குச் சிறியன. மரபணுவைச் சோதித்தபோது அவை ஹைமெனோலெப்பிஸ் நானா என்னும் குள்ள நாடாப்புழுவின் கலங்கள் எனத் தெரிந்தது. வேறு விருந்துவழங்கி இன்றியே மனிதக் குடலில் முட்டையிலிருந்து குடம்பியாகவும் குடம்பியிலிருந்து புழுவாகவும் சுற்றை முடிக்கக்கூடிய இனம் அது. மிக அரிய நிகழ்வு. இதைப் படித்து யாரும் கலவரப்படத் தேவையில்லை. ஆனால் முளைக்கலம் கட்டுப்பாடு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

தங்கள் கட்டுரை மருந்தைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தது: ஆறு மாதத்துக்கு ஒரு பூச்சிக் குளிசை போட்டால் எல்லாப் புழுக்களும் போய்விடும் என்று. போகா. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஒற்றைவேளைக் குளிசை பிரதானமாக வட்டப்புழு, கொளுக்கிப்புழு, சாட்டைப்புழு ஆகியவற்றை நோக்கியது. குடலிலுள்ள நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டல் தேவை. உறுப்புகளில் தங்கிய நீர்க்கட்டிக்கு அல்பெண்டசோல் மாதக்கணக்கிற் கொடுக்கப்படுகிறது. அப்போதும், சிலருக்கு நிறுத்தியதும் கட்டி மீண்டும் வளர்கிறது. அம்மருந்து கலத்துக்குள் இருக்கும் தியூபியூலின் என்னும் புரதத்தைப் பற்றிப் பிடித்து வேலை செய்வது. நரிகளிடம் காணப்படும் அந்த நாடாப்புழு இனத்தின் முளைக்கலங்களில், மருந்து எளிதிற் பற்றாத வேறொரு தியூபியூலின் வகை மேலோங்கியிருப்பதாக ஆய்வாளர் காட்டியிருக்கின்றனர். மற்றக் கலங்கள் நலிய, முளைக்கலங்கள் தப்பியிருந்து திரும்ப எழுகின்றன.

ஆகவே, குடம்பியைப் பிறகு மருந்தால் துரத்துவதைவிட, அது நாயின் வயிற்றுக்குப் போகாமல் மறிப்பதே எளிது. 19ஆம் நூற்றாண்டில் நீர்க்கட்டி நோயால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டிருந்த ஐஸ்லாந்துக்கு 1863இல் சென்ற கிராபே என்னும் டென்மார்க்கு விஞ்ஞானி, சுற்று எப்படி நடக்கிறது என்பதை எளிய சிறு நூலாக எழுத, அது வீடு வீடாக இலவசமாக வழங்கப்பட்டது. மக்கள் அதை வாசித்தார்கள். கழிவை நாய்க்குப் போடுவதை நிறுத்தினார்கள். காலப்போக்கில் அந்த நாட்டில் நோய் அற்றுப்போயிற்று. நியூசிலாந்தில் நாய்களைப் பேதியாக்கிப் புழு நீக்கப் பயன்பட்ட அரிகோலின் நம் பாக்கில் உள்ள சத்துத்தான் என்பதை வெற்றிலை போடுபவர்கள் அறிந்தால் மகிழ்வார்கள். இப்போது அதற்குப் பதில் பிராசிகுவான்டல் வந்துவிட்டது. கால்நடை வைத்தியரிடம் கேட்டால் நாயின் நிறைக்கு ஏற்பத் தருவார்.

வெறும் கண்ணால் தண்ணீர்ப் பை எந்த இனத்தது என்று எல்லோராலும் பிரித்தறிய முடியாது, அறியத் தேவையுமில்லை. பங்கு அடிக்கும் இடத்தில் எந்தப் பை கண்டாலும், ஈரலில் வெள்ளைக் கட்டி கண்டாலும், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் தாழ்க்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும். குடலையும் ஈரலையும் நாய்க்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் அரை மணி நேரமாவது கொதிநீரில் அவித்த பிறகு கொடுக்கலாம். கட்டாக்காலி நாய்கள் படுத்தெழும்பும் வாய்க்கால் கரையில் பிடுங்கிய வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுபவர்கள், இலை இலையாக ஓடும் நீரிற் கழுவ வேண்டும். தேசிப்புளி விட்டால் முட்டை செத்துவிடும் என்ற நம்பிக்கை வேண்டாம், அதன் ஓடு அவ்வளவு தடித்தது. இந்த விடயத்தில் எனக்குத் தெரிந்த எல்லோரிலும் கவனக்குறைவானவர்கள் என் வீட்டாரே என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தங்கள் நாளிதழ் அடுத்த சுகாதாரப் பக்கத்தில், இறைச்சியைப் பற்றிய அந்த வாக்கியத்தில் முட்டை என்ற சொல்லை எடுத்துவிட்டுக் குடம்பி என்று திருத்தி வெளியிடுமாறும், இடம் இருந்தால் முட்டை எங்கே இருக்கும் என்பதையும் ஒரு வரியிற் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை உயிரியல் ஆசிரியர்,
மானிப்பாய்.